புத்தகத்தில் இல்லாத பக்கம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புக்கு ஒரே கூடம்தான். நடுவில் மர பீரோக்களை வரிசையாக நிறுத்தி, இந்தப் பக்கம் பி பிரிவு, அந்தப் பக்கம் ஏ பிரிவு என்று பிரித்து வைத்திருந்தார்கள். பீரோ கண்ணை மறைக்கும், காதை மறைக்குமா? அங்கே ஒரு பிள்ளை தும்மினால் இங்கே ஒரு பிள்ளை சிரிக்கும். பி பிரிவு என்னுடையது. பிள்ளைகளுக்கு நான் பெரிய மிஸ். ஏ பிரிவுக்குப் புதிதாக வந்தவள் சின்ன மிஸ். எனக்கு மகளாக இருக்கக்கூடிய வயது. வந்த கொஞ்ச நாளிலேயே என் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டாள்.

மண்ணைப் போட்டது ஒரு படப் புத்தகம். விரித்தால் பாதி மேசையை அடைக்கும். அட்டையில் சிவப்புக் குடை பிடித்த ஒரு சிறுமி, பக்கத்தில் தாடி வைத்த ஓர் ஆடு, பின்னால் மலை. காற்று எங்கேயிருந்து கிளம்புகிறது என்று கண்டுபிடிக்க அந்தப் பெண் ஆட்டைக் கூட்டிக்கொண்டு மலை ஏறுகிறாள். பக்கத்துக்கு ஒரு வரி. சில பக்கங்களில் அதுவும் கிடையாது.

"இதையா ஒரு மாசம் நடத்தப்போற?" என்று கேட்டேன்.

"ஒரு மாசம் பத்தாதுக்கா" என்றாள்.

"பாடத்தை யாரு முடிப்பா? ஆடு வந்து முடிக்குமா?"

அவள் சிரித்தாள். எனக்கு இப்படிச் சிரிப்பவர்களைக் கண்டாலே எரிச்சல்.

புத்தகத்தைக் காது பக்கத்தில் உயர்த்தி, படம் பிள்ளைகளைப் பார்க்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டு, தான் ஓரக்கண்ணால் வரியைப் படிப்பாள். யாரும் இல்லாத நேரத்தில் நானும் அப்படிப் பிடித்துப் படித்துப் பார்த்தேன். கழுத்து சுளுக்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய்த் தைலம் தடவியதுதான் மிச்சம். பக்கத்தைத் திருப்பும் இடம் வந்தால் விரலை மூலையில் வைத்துக்கொண்டு நின்றுவிடுவாள். "அடுத்து என்ன?" என்பாள். அவ்வளவுதான். அந்தப் பக்கம் கூச்சல் கிளம்பும். பாலம் உடைஞ்சிரும் மிஸ், ஆடு பேசும் மிஸ், குடை பறந்துரும் மிஸ். ஒவ்வொருத்தர் சொன்னதையும் கரும்பலகையில் எழுதுவாள். தான் சொன்னதைத் தானே படிக்க எந்தப் பிள்ளைக்குக் கசக்கும்? ஓர் எழுத்து தெரியாததுகள்கூட விரல் வைத்துத் தேடிப் படித்தன.

பெஞ்சைப் படுக்கப் போட்டால் அது பாலம். சாக்பீஸால் தரையில் கோடு போட்டால் அது ஆறு. மேலே, கீழே, ஓரமாக, ஊடே என்று சொல்லிக்கொண்டே வரிசையாகக் கடப்பார்கள். இந்தப் பக்கம் என் பிள்ளைகள் அதே சொற்களைக் கட்டம் போட்ட தாளில் எழுதிக்கொண்டு பீரோ இடுக்கில் கழுத்தை நீட்டுவார்கள். நான் அதட்டுவேன். அதட்டிவிட்டு நானும் காதைக் கொடுப்பேன். பாலம் உடைந்ததா இல்லையா என்று எனக்கும் தெரிய வேண்டாமா?

நடிக்கும்போது எல்லாருக்கும் அந்தச் சிறுமியாக இருக்கத்தான் ஆசை. ஆடாக இருக்க யாரும் வரவில்லை. ஒரே ஒருத்தி கையைத் தூக்கினாள். அவள்தான் சுண்டு. சுண்டைக்காய் மாதிரி இருப்பாள் என்று அவள் அப்பா வைத்த பெயர். எங்கள் வீட்டுக்கு மாடியில்தான் அவர்கள் குடியிருந்தார்கள்.

அவள் அப்பா பெயின்டர். வீட்டுக்குள் சுவர் பூசுகிற ரகம் இல்லை. உயரமான கட்டடங்களின் வெளிச்சுவருக்கு, மொட்டைமாடியிலிருந்து கயிறு இறக்கி, ஒரு பலகையில் உட்கார்ந்து தொங்கிக்கொண்டே அடிப்பார். அதனால் அவருக்கு உச்சாணி என்று பெயர் விழுந்துவிட்டது. அவரைக் கீழே பார்ப்பதே அபூர்வம் என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் பண்ணுவார்கள். தினமும் விடிகாலையில் அவர் நடக்கிற சத்தம் எங்கள் கூரையில் கேட்கும். அதுதான் எனக்கு அலாரம். வாசலில் சுண்டு தினமும் ஒரே பேச்சைத்தான் பேசுவாள். "விழுந்துராதப்பா." அவர் பதிலும் ஒன்றுதான். "உங்கப்பன் விழறதுக்குப் பொறக்கலடி."

அப்படிச் சொன்ன மனிதர்தான் மழைக்காலம் முடிகிற சமயத்தில் விழுந்தார். முந்தின நாள் நனைந்த கயிறு, பாரம் தாங்காமல் முடிச்சில் நழுவியது. நல்ல வேளை, இரண்டாம் மாடி உயரத்துக்கு இறங்கியிருந்தார். கீழே மணல் குவியல். உயிர் பிழைத்தது, இடுப்பு பிழைக்கவில்லை. உள்ளே பிளேட் வைத்துத் தைத்து அனுப்பினார்கள். சுண்டு பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம் பார்த்து அவரைத் தூக்கிக்கொண்டு வந்து மாடி ஏற்றினார்கள். அவர் போட்ட கட்டளை ஒன்றே ஒன்று. "பாப்பாவுக்குத் தெரியக் கூடாது. காய்ச்சல்னு சொல்லுங்க. ஒட்டிக்கிற காய்ச்சல், உள்ள வரக் கூடாதுன்னு சொல்லுங்க."

அவர் மனைவி பேக்கரியில் ரொட்டி வெட்டி உறை போடுகிறவள். கணவன் சொல்லைத் தட்டத் தெரியாதவள் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்ட மனசு வரவில்லை. அறைக் கதவு சாத்தப்பட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்கர் மட்டும் அறைக்குள் வேண்டாம், பார்த்தாலே வயிறு எரிகிறது என்று அவர் சொல்லிவிட்டார். அதை முன்னறை மூலையில் நிறுத்தி, துணி காயப்போடுகிற ஸ்டாண்டு என்று மகளிடம் சொன்னாள். சுண்டுவும் தினமும் தன் பள்ளிக்கூட சாக்ஸைத் துவைத்து அதில்தான் காயப்போட்டாள்.

இதற்கெல்லாம் நடுவில் ஒரு கெடு இருந்தது. டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். எலும்பு கூடிவிட்டது, இனி உட்கார வேண்டும், பிறகு நிற்க வேண்டும், இந்த மாதம் விட்டால் மூட்டு இறுகிவிடும், அப்புறம் யாராலும் நிமிர்த்த முடியாது என்று. பயிற்சி கொடுக்க வந்த ஆளை உச்சாணி இரண்டாம் நாளே விரட்டிவிட்டார். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர் படுத்தவர்தான்.

"அவருக்கு வலி இல்லக்கா, வெக்கம்" என்றாள் அவர் மனைவி என்னிடம். "நண்டு மாதிரி நகர்றதை யாராவது பாத்துருவாங்களோன்னு. சாப்பாடு வெச்சா நான் வெளிய வந்ததுக்கு அப்புறம்தான் சாப்பிடுறாரு."

"நீ ரெண்டு போடு போட வேண்டியதுதானே?"

"போட்டாச்சு. கெஞ்சியாச்சு. அழுதும் பாத்தாச்சு. இன்னும் பத்து நாள் போனா அவ்வளவுதான்னு டாக்டர் சொல்றாரு. கல்லு மாதிரிக் கிடக்கறாரு."

அவள் சாயங்கால வேலைக்குப் போகும்போது நான் மேலே போய்ச் சுண்டுவுக்குத் துணையாக உட்கார்ந்திருப்பேன். நோட்டுத் திருத்துகிற வேலை எங்கே உட்கார்ந்தாலும் ஓடும். சுண்டு சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு, சாத்திய கதவில் முதுகைச் சாய்த்து உட்காருவாள். முதலில் காய்ச்சல் விசாரிப்பு.

"அப்பா, காய்ச்சல் கொறஞ்சுதா?"

"கொஞ்சம் கொறஞ்சிருக்கும்மா."

அதற்கப்புறம் ஆட்டுக் கதை. கேட்ட கதையை வீட்டில் ஒருத்தருக்குச் சொல்ல வேண்டும் என்பது சின்ன மிஸ்ஸின் ஏற்பாடு. மற்ற பிள்ளைகள் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள் போல. இவள் படத்தில் இருக்கிற ஒவ்வொரு கல்லையும் சொல்வாள். உள்ளேயிருந்து, உலகத்தில் எதற்கும் வாய் திறக்காத அந்த மனிதர், "அப்புறம்?" என்பார். குகைக்குள்ள விளக்கு எப்படி வந்துச்சு, ஆட்டுக்கு யாரு தீனி போட்டா என்றெல்லாம் கேட்பார். ஒரு நாள், "கயித்துப் பாலத்துக்கு வந்துட்டாங்கப்பா, நாளைக்குத்தான் தாண்டுவாங்க" என்று அவள் நிறுத்தியபோது அந்த 'அப்புறம்?' மட்டும் வரவில்லை.

மறுநாள் காலையில் மணி அடிக்கும் முன்பே சுண்டுவின் அம்மா பள்ளிக்கூட வாசலில் நின்று சின்ன மிஸ்ஸையும் என்னையும் மறித்தாள். உடம்பெல்லாம் மாவு வாசனை. பெற்றோர் கூட்டத்தில் மேசையில் கிடந்த அந்தப் புத்தகத்தை அவள் முழுசாகப் புரட்டியிருக்கிறாள்.

"மிஸ், அந்தப் பாலத்துக்கு அடுத்த படம் இருக்கில்ல, அதுல அந்தப் புள்ள கயிறு அறுந்து விழுதுல்ல?"

"ஆமா."

"அதை மட்டும் காட்டாதீங்க மிஸ். அவ அப்பா அப்படித்தான் விழுந்தாரு. அவளுக்குத் தெரியாது. பாலத்துக்கு வந்துட்டாங்கன்னு அவ சொன்னதுல இருந்து எனக்குத் தூக்கம் இல்ல."

சின்ன மிஸ் என்னைப் பார்த்தாள். நானும் தலையை ஆட்டினேன். தாய் வந்து கெஞ்சும்போது என்ன செய்ய? விழுகிற படத்தை வைத்து யாருக்கு என்ன லாபம் என்றுதான் எனக்கும் பட்டது. சின்ன மிஸ் அந்தப் படம் இருந்த இரண்டு தாளையும் சேர்த்து, பரீட்சைத் தாளுக்குப் போடுகிற கறுப்புக் கிளிப்பை மேலே ஒன்று, ஓரத்தில் இரண்டு, கீழே ஒன்று என்று மாட்டினாள்.

ஏழு வயசுப் பிள்ளைகள் முன்னால் ஒன்றை மறைத்துவைப்பதைவிடப் பெரிய முட்டாள்தனம் உண்டா? இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் குப்பை கொட்டிய எனக்கும் அன்றைக்கு அது தோன்றவில்லை.

"இந்தப் பக்கம் ஒட்டிக்கிச்சு. அதனால அடுத்ததுக்குப் போவோம்" என்று அவள் சொன்னது இங்கே கேட்டது. அப்புறம் ஒரு பையன் நிதானமாகச் சொன்னான்.

"ஒட்டல மிஸ். கிளிப் போட்டிருக்கீங்க."

"கிழிஞ்சிடக் கூடாதுன்னு போட்டேன்."

"உள்ள என்ன இருக்கு? பேயா?"

"பேய்னா ஒரு கிளிப் பத்தாது. அதான் நாலு."

"எங்க அக்கா பெரியவங்க படத்துக்கு இப்படித்தான் கையை வெச்சு மறைப்பா."

சிரிப்பு. நான் இந்தப் பக்கம் தலையில் அடித்துக்கொண்டேன். அவள் சமாளித்துப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறாள். அங்கேதான் வினை. அடுத்த படத்தில் அந்தச் சிறுமி காலில் கட்டுப் போட்டு, ஒரு கம்பை ஊன்றி, ஆட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். பாலத்துக்கு இந்தப் பக்கம் குதித்துக் குதித்து வந்தவள் அந்தப் பக்கம் நொண்டினால் பிள்ளைகள் விடுவார்களா? ஏன் கட்டு, யார் அடிச்சது, ஆடு முட்டிருச்சா என்று ஆளுக்கொன்று கிளப்பினார்கள். அவள் குரல் எதிலும் எடுபடவில்லை.

அப்போதுதான் சுண்டுவின் குரல் கேட்டது. கத்தவில்லை. பக்கத்து வீட்டுச் சங்கதியைச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"அவ விழுந்துட்டா. அதைக் காட்ட மாட்டாங்க. பெரியவங்க விழுந்தா காய்ச்சல்னு சொல்லுவாங்க. நாமளும் காய்ச்சல் கொறஞ்சுதான்னு கேக்கணும்."

என் கையிலிருந்த சாக்பீஸ் அப்படியே நின்றது. பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு பீரோவைச் சுற்றி அந்தப் பக்கம் போனேன். சின்ன மிஸ் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது. முன் வரிசையில் சுண்டு, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கிளிப்பை எடுங்க மிஸ். எனக்குப் பயம் இல்ல" என்றாள்.

சின்ன மிஸ் என்னைப் பார்த்தாள். "எடு" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

படத்தில் பாலம் இரண்டாகத் தொங்க, அந்தப் பெண் நடுவானத்தில் இருந்தாள். குடை மேல்நோக்கி மலர்ந்துவிட்டது. ஆடு கரையில் நின்று எட்டிப் பார்க்கிறது. சுண்டு எழுந்து வந்து கிட்டத்தில் நின்று பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, தாளைத் தானே திருப்பினாள். கம்பு ஊன்றி நடக்கிற படம். மறுபடி முன்னால் திருப்பினாள். விழுகிற படம்.

"நடுவுல ஒரு பக்கம் இல்லையே மிஸ்" என்றாள். "எப்படி எந்திரிச்சா?"

சின்ன மிஸ்ஸும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். அப்படி ஒரு பக்கம் இல்லை. கிழியவும் இல்லை. படம் போட்டவர் விழுந்ததைப் போட்டார், நடந்ததைப் போட்டார். எழுந்ததைப் போடவே இல்லை.

"ஆமா. அது புத்தகத்துல இல்ல" என்றாள் சின்ன மிஸ். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, "அப்போ அதை நாமதான் போடணும். ஆளுக்கு ஒரு தாள் தரேன். வீட்டுல விழுந்தவங்க யாராவது இருப்பாங்க. எப்படி எந்திரிச்சாங்கன்னு கேட்டு வரைஞ்சுட்டு வாங்க" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் யார் வீட்டில் இது போய் விழும் என்பது அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் தாள்கள் கைக்குக் கை போய்விட்டன.

அன்று சாயங்காலம் மேலே போகும்போது எனக்கு மனசு சரியில்லை. சுண்டுவின் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும் அவசரத்தில், "காட்டலதானேக்கா?" என்று கேட்டாள். "நீ போயிட்டு வா, வந்து பேசுவோம்" என்று மழுப்பி அனுப்பினேன். பொய் சொல்லவும் வாய் வரவில்லை, உண்மையைச் சொல்லவும் வரவில்லை. முன்னறையில் நோட்டுக் கட்டைப் பிரித்து உட்கார்ந்தேன். சுண்டு தாளையும் வண்ணப் பென்சில்களையும் எடுத்துக்கொண்டு கதவில் சாய்ந்தாள். அன்றைக்குக் காய்ச்சல் விசாரிப்பு இல்லை.

உள்ளேயிருந்து அவரே ஆரம்பித்தார். "என்னம்மா, பாலம் தாண்டிட்டாளா?"

"இல்லப்பா. விழுந்துட்டா."

"அப்புறம்?"

"அடுத்த பக்கத்துல கம்பு ஊணி நடக்குறா."

"நடுவுல?"

"நடுவுல ஒண்ணும் இல்ல. புத்தகத்துல போடல. விழுந்தவங்க யாரையாவது கேட்டு எங்களையே வரையச் சொன்னாங்க."

"அம்மா வரட்டும். அம்மாவைக் கேளு."

"அம்மா விழலையேப்பா."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"நீ எப்படிப்பா எந்திரிச்ச?"

தெருவில் யாரோ பால் கேன்களை உருட்டிக்கொண்டு போனார்கள். உள்ளே கட்டில் லேசாகக் கிரீச்சிட்டது.

"அக்கா, நீங்களா சொன்னீங்க?" குரல் தடித்திருந்தது.

"நான் ஒண்ணும் சொல்லல தம்பி" என்றேன்.

"யாரும் சொல்லலப்பா" என்றாள் சுண்டு. "காய்ச்சலுக்கு எதுக்கு வாக்கர்?"

"அது துணி காயப்போடறது..."

"எதிர் வீட்டுத் தாத்தா அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் கடைக்குப் போறாரு. அவரு மேல யாரும் துணி காயப்போடலையே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். உள்ளேயும் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, இருமலா, தெரியவில்லை.

"எப்பத்துல இருந்து தெரியும்?"

"மொதல்ல இருந்தே."

"அப்புறம் எதுக்குத் தினமும் வந்து காய்ச்சல் கொறஞ்சுதான்னு கேட்ட?"

"நீதானே காய்ச்சல்னு சொன்ன" என்றாள் அவள். "வேற எப்படிக் கேக்குறது?"

இப்போது உள்ளே கேட்டது அழுகைதான். தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு ஆண்பிள்ளை அழுகிற சத்தம். எனக்கு எழுந்து வெளியே போய்விடலாமா என்றிருந்தது. சுண்டு அசையவில்லை. பச்சைப் பென்சிலின் முனையை நகத்தால் சீண்டிக்கொண்டு, அவர் முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். இந்தக் குழந்தை இத்தனை நாளும் இப்படித்தானே காத்திருந்தது என்று நினைத்தபோது எனக்கு அந்த மனிதர் மேல் ஆத்திரமாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"நான் எந்திரிக்கலம்மா" என்றார் அவர் கடைசியில். "தூக்கிட்டு வந்து போட்டாங்க."

"இன்னும் எந்திரிக்கலையா?"

"இல்ல."

"சரி. எந்திரிக்கலன்னே வரையுறேன்." பென்சில் தாளில் பட்டது, நின்றது. "ஆனா அப்படி வரைஞ்சா அடுத்த பக்கம் சேராதேப்பா. அதுல அவ நடக்குறாளே."

நான் ஏதாவது சொல்லிப் பேச்சை மாற்றலாமா என்று பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. இருபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கேள்வி கேட்டாலும் வாயடைத்து நிற்காதவள் நான்.

"உள்ள வா" என்றார்.

சுண்டு கதவைத் தள்ளினாள். தைலமும் மருந்தும் கலந்த வாடை முன்னறைக்கு வந்தது. எனக்கும் அவர் தெரிந்தார். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, பாதி ஆளாகியிருந்தார். சுண்டு அவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவும் இல்லை, அழவும் இல்லை. கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து தாளை விரித்தாள். கொஞ்சம் கோடு போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"படுத்திருந்தா தலை மட்டும்தான் தெரியுது. கால் எப்படி இருக்கும்னு தெரியல."

அவர் போர்வையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அக்கா, கொஞ்சம் கை குடுக்குறீங்களா?"

போனேன். பயிற்சிக்காரர் காட்டிக்கொடுத்தது அவருக்கு மறக்கவில்லை. ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றி, காலைக் கட்டிலுக்கு வெளியே தள்ளினார். அவர் தோளை நான் தாங்கினேன். நெற்றியில் வேர்வை பொடித்தது. பல்லைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது. ஒரு வழியாக இரண்டு காலும் கீழே தொங்க, கட்டில் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தரையைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"ரொம்ப உசரமா இருக்குக்கா" என்றார் மெதுவாக.

வானத்தில் தொங்கிப் பெயின்ட் அடித்த மனிதர். "முழங்கால் உசரம்தான் தம்பி. நீ தொங்காத உசரமா?" என்றேன்.

"பாதத்தைத் தரையில வைப்பா. ஆடாத. ஆடுனா கோணலா வரும்" என்றாள் சுண்டு.

பாதத்தை வைத்தார். முதலில் நல்ல கால், பிறகு அடிபட்ட கால். இவள் சாவகாசமாக வரைந்தாள். விரல் விரலாக வரைந்தாள். போர்வைக்குக் கட்டம் போட்டாள், கட்டத்துக்கு வண்ணம் அடித்தாள். முடிஞ்சுதா என்று அவர் கேட்டபோதெல்லாம், இன்னும் இல்ல என்றாள். வேண்டுமென்றே இழுத்தாளா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அவரும் நடுங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அப்படி இருக்கும்போதுதான் அவள் அம்மா வேலை முடிந்து வந்தாள். மீந்த ரொட்டிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகில் நின்றாள். திறந்த கதவைப் பார்த்தாள், உட்கார்ந்திருக்கிற கணவனைப் பார்த்தாள், தரையில் வரைந்துகொண்டிருக்கிற மகளைப் பார்த்தாள். பொட்டலத்தை வைத்துவிட்டு மூலைக்குப் போய், வாக்கரில் காய்ந்த சாக்ஸை எடுத்து மடித்தாள். மடித்து முடித்த பிறகுதான் அழுதாள். உச்சாணி தலையைத் தூக்கி, "பாப்பா வரையுது, சத்தம் போடாத" என்றார்.

மறுநாள் ஏ பிரிவில் ஒவ்வொருவராகத் தாளைக் காட்டிச் சொன்னார்கள். நான் என் பிள்ளைகளுக்குக் கூட்டல் கணக்கைக் கொடுத்துவிட்டு பீரோ ஓரமாகப் போய் நின்றுகொண்டேன். ஒருத்தன் வீட்டில் அண்ணன் சைக்கிளிலிருந்து விழுந்து, அழுதுவிட்டு எழுந்தானாம். அதனால் படத்தில் சிறுமியின் கண்ணிலிருந்து ஓர் ஆறே ஓடியது. ஒருத்தி படத்தில் ஆடு கொம்பால் தூக்கிவிட்டது. இன்னொருவன் தீயணைப்பு வண்டியையே மலைக்கு மேலே ஏற்றிவிட்டான். ஒவ்வொரு படத்தையும் சின்ன மிஸ் அந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் வைத்துப் பார்ப்பாள். பொருந்துது என்று பிள்ளைகள் கை தட்டுவார்கள்.

சுண்டு வந்து தன் தாளைக் கொடுத்தாள். கட்டம் போட்ட போர்வை, கட்டில். விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது புத்தகத்துச் சிறுமிதான், சிவப்புக் குடை பக்கத்தில் கிடந்தது. ஆனால் முகத்தில் தாடி இருந்தது. கால்விரல்கள் பத்தும் தரையில் அழுந்தியிருந்தன. சின்ன மிஸ் அதை நடுவில் வைத்தாள். யாரும் கை தட்டவில்லை.

"இதுல இன்னும் எந்திரிக்கவே இல்லையே. உக்காந்துதானே இருக்கா" என்றான் தீயணைப்பு வண்டிக்காரன்.

"ஆமா" என்றாள் சுண்டு.

சின்ன மிஸ் தாளின் மூலையில் விரலை வைத்தாள். பழக்கம்தான். யோசித்துக் கேட்டிருக்க மாட்டாள்.

"அடுத்து என்ன?"

சுண்டு படத்தைப் பார்த்தாள், மிஸ்ஸைப் பார்த்தாள்.

"தெரியல மிஸ்" என்றாள். "அப்பா இன்னும் அதைச் செய்யல."